மேற்பார்வை

ட்ர்ர்ர்ர் என்று அலறத் தொடங்கிய மணி நிற்கவே இல்லை. லிஃப்டுக்குள் இருக்கும் மஞ்சள் பொத்தானை யாரோ விரல் எடுக்காமல் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பது கீழே, லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் நின்றிருந்த மேனேஜருக்குப் புரிந்தது.

"நம்மது இல்ல, பக்கத்து லிஃப்ட்!" மேலேயிருந்து பிரேக் அக்காவின் குரல் இறங்கி வந்தது. "ஏறி வாங்க மேனேஜர். கூண்டுல ஒரு கிளி மாட்டிக்கிச்சு."

மேனேஜர் டார்ச்சை அணைத்துவிட்டு இரும்பு ஏணியில் ஏறினார். 'மேனேஜர்' என்கிற அந்தப் பட்டப்பெயர் காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் செருப்புக்குள் கல் மாட்டிய மாதிரி இருக்கும். இருபது வருஷம் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் நிஜமாகவே மேனேஜராக இருந்தவர். இரண்டு கம்பெனிகள் ஒன்றானபோது ஓர் உறையில் இரண்டு கத்தி எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள். "உங்களை நாங்க நீக்கல சார், உங்க பதவியைத்தான் நீக்கறோம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். நாற்காலியை உருவிவிட்டு, உட்கார்ந்திருந்தவரைத் தொடவே இல்லை என்கிற நியாயம்.

அதற்குப் பிறகு அவர் படியேறாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் அவர் வயதைப் பார்த்தார்கள், பழைய சம்பளத்தைப் பார்த்தார்கள், காபி கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் இந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனிதான் "ஒரு வாரம் வந்து பாருங்க, பிடிச்சா பயிற்சி ஆளா சேர்ந்துக்கலாம்" என்றது. சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த நீல உடுப்பு. அதன் முதுகில் தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி 'பயிற்சி' என்று வெள்ளை எழுத்து. ஒரு வாரமாக மேனேஜர் எங்கே நின்றாலும் சுவருக்கு முதுகைக் கொடுத்தே நின்றார்.

பிரேக் அக்கா அவரைவிட வயதில் சின்னவள். தொழிலில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. அவசரப்படுகிற ஆளை ஒரே வார்த்தையில் நிறுத்திவிடுவாள் என்பதால் பிரேக். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாண்டிக்கொண்டே அவள் பேசினாள்.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்குது. நான் மேல மோட்டார் ரூமுக்குப் போறேன். சக்கரத்தைக் கையால சுத்தி லிஃப்டை அஞ்சாவது மாடிக்கு இறக்கணும். நீங்க ஆறாவது மாடிக் கதவுகிட்ட நில்லுங்க. உங்க வேலை என்ன?"

"பேசறது."

"பேசிட்டே இருக்கறது. உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய ஆள் இருக்குன்னு தெரியணும். தெரியலன்னா அவங்களே கதவை நெம்பிக்கிட்டு கையை நீட்டுவாங்க. நான் இறக்குறப்ப கை நடுவுல இருந்துச்சுன்னா..." அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பட்டென்று தட்டிக் காட்டினாள். "பேச ஒண்ணும் கிடைக்கலையா? 'இருக்கேன்'னு சொல்லுங்க. அது போதும். நான் வாக்கி-டாக்கியில கேப்பேன், ஆள் ஒழுங்கா நிக்கிறாரான்னு. நீங்க சொன்னாத்தான் சக்கரத்தைத் தொடுவேன். நீங்கதான் என் கண்ணு. புரியுதா?"

"புரியுதுக்கா."

"கதவை விட்டு நகரக் கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும்."

ஆறாவது மாடி வராந்தாவில் யாருமில்லை. மேனேஜர் கதவருகே போய் லேசாகத் தட்டினார். மணி நின்றது.

"வந்துட்டோம் சார், பயப்படாதீங்க..." என்று ஆரம்பித்தார்.

"யாருய்யா அது? எவ்ளோ நேரமா மணி அடிக்கிறேன், கும்பகர்ணன் பரம்பரையா நீங்கல்லாம்?"

மேனேஜர் தட்டிய கையைக் கதவிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் குரல்! கல்யாண வீட்டில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். அவர் மனைவியின் அக்கா புருஷன். அவருடைய சகலை.

சகலை ஜன்னல் திரை தைத்து மாட்டுகிற கடை வைத்திருப்பவர். இந்தக் கட்டடத்தில் ஏதோ ஆபீஸுக்குத் திரை அளவெடுக்க வந்திருப்பார். இரண்டு சகலைகளும் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டே போட்ட போட்டி ஊரறிந்தது. இவர் ஃபிரிட்ஜ் வாங்கினால் அவர் அதைவிட ஒரு கதவு அதிகமாக உள்ள ஃபிரிட்ஜ் வாங்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. சகலை இவருடைய போனைப் பிடுங்கி, மணி ஓசையை மாற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "சேவல் கூவுற சத்தம் வச்சிருக்கேன். வேலை இல்லாதவனுக்குப் பொழுது விடியறதே தெரியாதாம், யாராவது எழுப்பணும்ல?" குழந்தைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "வேலை கிடைச்சாச்சு சகலை. லிஃப்ட் கம்பெனி" என்றார்.

"அடடே! என்ன பொறுப்பு?"

அந்த இடத்தில்தான் வாய் தவறியது. இல்லை, தவறவில்லை. நன்றாகத் தேடித்தான் அந்த வார்த்தையை எடுத்தார்.

"மேற்பார்வை."

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அக்கா மேலே நின்று கம்பி வடத்துக்கு எண்ணெய் போடும்போது இவர் குழிக்குள் நின்று டார்ச் அடித்து மேலே பார்க்க வேண்டும். மேலே பார்ப்பது, மேற்பார்வை. வீடு திரும்பியபோது, மனைவி வாசல் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள்: "நீங்க சொன்னதுல தப்பில்லைங்க. கழுத்துதான் வலிக்கும்."

அவளுக்கு எல்லாம் தெரியும். இன்று காலைகூட, அவருக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா? அதை மட்டும் சொல்லுங்க. பாதிச் சம்பளத்தை நான் கட்டி மேய்ச்சுக்கறேன்."

பிடித்திருந்தது. அதுதான் சங்கடமே. இரண்டாவது நாள், கரகரவென்று இழுத்துக்கொண்டு மூடிய ஒரு கதவை அவரே சரிசெய்தார். அது சத்தமில்லாமல் மூடியது. திறந்து மூடித் திறந்து மூடி அவர் பார்த்துக்கொண்டே நின்றதில் அக்கா, "தேஞ்சிடப் போகுது, விடுங்க" என்றாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபது வருஷத்தில் அவர் கையால் எதுவும் அப்படி மூடியதில்லை.

ஆனால் மனைவியிடம் அவர் சொன்ன பதில் வேறு. "பிடிச்சா மட்டும் போதுமா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அந்த நாலு பேரில் முதல் ஆள் இதோ, கதவுக்கு உள்ளே.

"யோவ், இருக்கியா போயிட்டியா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்து, சளி பிடித்தவர் மாதிரி குரலைத் தடிமனாக்கிக்கொண்டார். "இருக்கேன் சார். கொஞ்ச நேரம்தான். மெக்கானிக் மேல போயிருக்காங்க."

"கொஞ்ச நேரமா? இங்க காத்தே இல்லய்யா."

"காத்து வரும் சார். கதவைத் தொடாதீங்க, பின்னால தள்ளி நில்லுங்க."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு? எங்க சகலை உங்க கம்பெனியிலதான் இருக்காரு. பெரிய ஆளு. மேற்பார்வை! உங்களை எல்லாம் மேய்க்கிறதே அவருதான். நான் ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை என்ன ஆகும் தெரியுமா?"

மேனேஜருக்குக் காது மடல் சுட்டது. ஆளில்லாத வராந்தாவில் தன்னையறியாமல் சுவரைத் தேடி முதுகைச் சாய்த்துக்கொண்டார். தான் விட்ட பொய் ஒரு வாரம் ஊர் சுற்றி, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்து, தன்னையே மிரட்ட வந்திருக்கிறது.

"இரு, அவருக்கே போன் போடறேன்."

"வேண்டாம் சார்! உள்ள சிக்னல் கிடைக்..."

கொக்கரக்கோ!

நீல உடுப்பின் பையிலிருந்து சேவல் கூவியது. வெறும் வராந்தாவில் அந்தச் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. வேலை நேரத்தில் போனின் வாயை அடைத்து வைப்பதுதான் அவர் வழக்கம். முடிவு என்ன என்று மனைவி கேட்பாளே என்று இன்றைக்குத் திறந்து வைத்திருந்தார். கொக்கரக்கோ! மேனேஜர் பையைக் கசக்கினார், தடவினார், எந்தப் பொத்தான் என்றே தெரியவில்லை. கொக்கரக்கோ!

கதவுக்கு உள்ளே சத்தமே இல்லை.

மேனேஜரின் கால்கள் அவரைக் கேட்கவில்லை. வராந்தாவைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, மாடிப்படிக்கு வந்த பிறகுதான் அவை நின்றன. போனை அணைத்தார். நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார். கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். புரிந்திருக்குமா? உலகத்தில் எத்தனையோ பேர் சேவல் வைத்திருப்பார்கள். கதவு திறக்கும்போது இங்கே இல்லாமல் இருந்தால் போதும். அக்கா திறக்கட்டும். வயிற்று வலி என்று சொல்லிக் கீழே போய்விடலாம். நாளை முதல் இந்த உடுப்பும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம்.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "மேனேஜர், ஆள் எப்படி? தள்ளி நிக்கிறாரா? இறக்கட்டுமா?"

திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஆனால் கதவருகே போனால் பேச வேண்டும். பேசினால் குரல் தெரியும்.

"நல்லா இருக்கார்க்கா," என்றார் மாடிப்படியில் நின்றபடி. "இறக்குங்க."

சொல்லி முடித்த அடுத்த மூச்சில் சுவருக்குப் பின்னால் வடம் முனகுகிற சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சின்னக் கீறல். அப்புறம் ஒரு குரல். கல்யாண வீட்டுக் குரல் இல்லை. மேனேஜர் அதுவரை கேட்டறியாத மெல்லிய குரல்.

"இருக்கீங்களா?"

மேனேஜர் ஓடினார். லிஃப்ட் கதவின் அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு நாக்கு வெளியே நீண்டு துழாவிக்கொண்டிருந்தது. அளவெடுக்கிற இரும்பு டேப். உட்கதவை நெம்பி, இடுக்கில் கையை விட்டு, யாராவது பார்க்கட்டும் என்று சகலை அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். டேப் இருக்கிற இடத்தில் விரல் இருக்கிறது. லிஃப்ட் இறங்க இறங்க அதன் வாசல் மேல்விளிம்பு அந்தக் கையின் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"நிறுத்துங்கக்கா! கை! கை வெளிய இருக்கு! நிறுத்துங்க!"

தடிமன் குரல் எல்லாம் போய்விட்டது. அவருடைய சொந்தக் குரலில், தொண்டை கிழியக் கத்தினார். மேலே ஏதோ கடக்கென்று பிடித்தது. டேப் நசுங்கி மடங்கி, பாதியில் நின்றது.

"கையை உள்ள எடுத்தாச்சா? சொல்லுங்க, எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"பின்னால போய்ச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்." மேனேஜர் கதவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டார். "இருக்கேன். இருக்கேன். இருக்கேன்."

லிஃப்ட் முழுக்க இறங்கும்வரை அதை மட்டுமே சொன்னார்.

ஐந்தாவது மாடியில் சத்தம் கேட்டு ஆபீஸ் ஆட்கள் கூடியிருந்தார்கள். கதவைத் திறக்கிற முக்கோணச் சாவி மேனேஜரிடம்தான் இருந்தது. அக்கா வந்து சேரவில்லை. வேறு வழியில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, 'பயிற்சி' என்ற வெள்ளை எழுத்தை ஊரே படிக்க, அவர் சாவியைத் திருப்பினார்.

சகலை திரைத்துணி மாதிரிப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் நனைத்த மாதிரி ஒட்டியிருந்தது. தலையை நிமிர்த்தினார். மேனேஜரின் பூட்ஸைப் பார்த்தார், எண்ணெய்க் கறை படிந்த முழங்காலைப் பார்த்தார், கடைசியாக முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி கிடைக்குமா தம்பி?" என்றார்.

தம்பி! ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட மேனேஜர் வாங்கிக்கொண்டிருப்பார்.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்குள் அக்கா ஆறாவது மாடியிலிருந்து கசங்கிய டேப்போடு இறங்கி வந்தாள். டேப்பைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். "இது எப்ப வெளிய வந்துச்சு? நீங்க பார்க்கலையா?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார். "அது என் தப்புமா. இவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, கதவைத் தொடாதேன்னு. பொழுது போகல, கதவு எவ்ளோ அகலம்னு அளந்து பார்த்தேன். தொழில் புத்தி, விடுமா." டேப்பை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியில் இறங்கிப் போனார். லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அக்கா கருவிப் பையை மூடிக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டுவிடலாம். சகலை ஒரு போர்வை போர்த்திவிட்டுப் போயிருக்கிறார், இழுத்து மூடிக்கொண்டால் முடிந்தது.

"நான் கதவுகிட்ட இல்லக்கா," என்றார் மேனேஜர். "மாடிப்படியில இருந்துதான் 'இறக்குங்க'ன்னு சொன்னேன். பார்க்காமச் சொன்னேன்."

அக்காவின் கை பையின் மேல் நின்றது. "ஏன்?"

"உள்ள இருந்தது என் சகலை. இந்த உடுப்புல அவர் என்னைப் பார்த்துடக் கூடாதுன்னு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் சுற்றிய கை, இன்னும் சிவந்திருந்தது.

"சுத்தினது நான்," என்றாள். "அந்த ஆளோட விரல் போயிருந்தா, என் கையால போயிருக்கும். நீங்க வேற எங்கயாவது போய் வேற உடுப்புப் போட்டுக்கலாம். நான் என்ன பண்றது?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"ஒரு வாரமா நீங்க என்னமோ இந்த வேலையைப் பொண்ணு பாக்க வந்த மாதிரி, பிடிக்குமா பிடிக்காதா, கட்டுமா கட்டாதான்னு முழிச்சிட்டு இருந்தீங்க. எங்க ஆபீஸ்ல என்னைக் கேட்டது வேற. இந்த ஆள் நமக்குத் தேவையான்னு கேட்டாங்க."

இது அவருக்குத் தோன்றியதே இல்லை. தராசில் சம்பளத்தை வைத்துப் பார்த்தார், கௌரவத்தை வைத்துப் பார்த்தார், சகலையின் சிரிப்பை வைத்துப் பார்த்தார். தன்னைத் தூக்கி வைத்துப் பார்க்க மறந்துவிட்டார்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்லுவேன். நீங்களா ஒத்துக்கிட்டதையும் சொல்லுவேன்." அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "நான் சொல்ற வரைக்கும் கதவு வேலை கிடையாது, சாவி கிடையாது, வாக்கி-டாக்கி கிடையாது. குழியில நின்னு மேல பாருங்க. அது மட்டும்தான். பயிற்சிச் சம்பளத்துலயும் கம்மி பண்ணுவாங்களோ என்னமோ. இஷ்டம்னா காலைல வாங்க."

"வரேன்."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவருக்கே அது பதில் என்று தெரிந்தது. முக்கோணச் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

கீழே வாசல் படிக்கட்டில் சகலை மாதிரிப் புத்தகங்களைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். போனில் பேசிக்கொண்டிருந்தார். பழைய குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. "ஆமாடி, நம்ம சகலை பேரைச் சொன்னேன், அவ்ளோதான், அலறி அடிச்சிட்டு ஓடி வந்தாங்க... இல்ல இல்ல, அவரு வரல. அவரு பெரிய ஆளு, இதுக்கெல்லாமா வருவாரு? சரி வை, வரேன்."

திரும்பினார். மேனேஜர் உடுப்பை மாற்றாமல் நின்றிருந்தார்.

"உங்க வீட்டம்மாகிட்ட உண்மையையே சொல்லியிருக்கலாம் சகலை," என்றார் மேனேஜர். "மேற்பார்வைன்னா குழியில நின்னு மேல பாக்குற வேலை. சம்பளம் பாதிகூட இல்ல. நாளைல இருந்து அதுதான் என் வேலை. சேர்ந்துட்டேன்."

சகலை மடங்கிய டேப்பை நிமிர்த்தி உள்ளே தள்ளப் பார்த்தார். அது போகவில்லை. மறுபடி தள்ளினார்.

"ஆறாவது மாடியில கதவுக்கு வெளிய நின்னதும் நான்தான்," என்றார் மேனேஜர். "நீங்க கூப்பிட்டப்ப..."

"சேவல் கூவினப்பவே தெரியும் சகலை," என்றார் அவர், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அட, நம்ம ஆளு இருக்காரு, இனிமே பயமில்லன்னு அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்புறம் காலடிச் சத்தம் தூரமாப் போச்சு, அதான், திரும்பி வருவீங்களான்னு டேப்பை விட்டுத் தேடினேன்."